கரைக்குப் பத்தடி

படகு கவிழ்ந்து நாற்பத்தொரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, செத்துப்போன பதினொரு பேரும் மேலக்கரையிலிருந்து கிளம்பி, ஆற்றுக்கு மேலே வெறும் ஆகாயத்தில் நடந்து, எங்கள் நாணல்திட்டை நோக்கி வந்தார்கள். முதலில் பார்த்தவர் படகுக்காரர் சின்னக்குஞ்சு. நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தவர், தண்ணீரில் வரிசையாக நிழல்கள் போவதைப் பார்த்து அண்ணாந்தார். இளந்தென்னை உயரத்தில் உள்ளங்கால்கள் தெரிந்தன. யார் யார் என்று அடையாளம் கண்டுகொண்டார். பொம்பளைப் பிள்ளைகளும் போகிறார்கள், கீழேயிருந்து பார்ப்பது முறையில்லை என்று உடனே தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து நாலே முக்காலுக்கு ஆற்றில் இருக்கிற எந்தப் படகுக்காரரும் தலை நிமிர்வதில்லை.

நாங்கள் கரைக்கு ஓடினோம். யாரும் கத்தவில்லை. சாலையில் நடக்கிற மாதிரிதான் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள், அன்றைக்கு உடுத்தியிருந்த அதே துணியோடு, தோளில் பையோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. முன்னால் வந்தவள் மலர். நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்த பெண், சீராளன் மகள். எங்கள் கரைக்குப் பத்தடி இருக்கும்போது அவள் நின்றாள். இருட்டில் படி தேடுகிறவளைப் போல வலது காலை முன்னால் நீட்டித் துழாவினாள். குனிந்து பார்த்தாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பிறகு பதினொரு பேரும் இல்லை. மறுநாளும் அதே நேரம், அதே நடை, அதே பத்தடி. அதற்கு மறுநாளும்.

நாணல்திட்டு என்பது, ஆறு கடலுக்குப் போகிற அவசரத்தில் இரண்டாகப் பிரிந்து, நடுவில் மறந்துவிட்டுப் போன மண். நானூறு வீடு. ஆஸ்பத்திரி, கல்லூரி, மார்க்கெட், தாலுகா ஆபீஸ் எல்லாம் மேலக்கரையில். பிள்ளை பெறவும் பிணத்தை அறுக்கவும் படகில்தான் போகவேண்டும். எங்களுக்குப் பாலம் கட்டுவதற்கு மூன்று முறை அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மூன்று கல்லும் துறையோரப் புன்னைமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மூன்றிலும் ஒரே பெயர்: எங்கள் சட்டமன்ற உறுப்பினர் அறவாழி. ஊதாக் கொடிக் கட்சி. தொடர்ந்து நாலு முறை ஜெயித்தவர். எங்களுக்கு அவர் எம்.எல்.ஏ. இல்லை, அண்ணன்.

அந்தக் கட்சிக்கு எங்கள் ஊர்க் கிளைச் செயலாளர் சீராளன். அவரைக் கண்மூடித்தனமான ஆள் என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். அவருடைய அப்பா ஆயுசு முழுக்க ஆபீஸ்களிலும் பண்ணையார் வீடுகளிலும் நின்றுகொண்டே பேசியவர். கட்சியின் பெரியவர் ஒருத்தர் ஒருநாள் திட்டுக்கு வந்து, எல்லார் முன்னாலும் அவருக்கு ஒரு நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஐயா" என்று சொன்னார். அப்பா உட்காரத் தெரியாமல் நுனியில் உட்கார்ந்ததையும், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுததையும் பன்னிரண்டு வயதில் சீராளன் பார்த்தார். அன்றைக்கு ஏற்றுக்கொண்ட கொடி அது. மகள் பிறந்தபோது, முதல் முறை ஜெயித்துவிட்டு நன்றி சொல்ல ஊருக்கு வந்த அறவாழி அண்ணன் கையில்தான் குழந்தையைக் கொடுத்தார். அண்ணன்தான் வெற்றிமலர் என்று பெயர் வைத்தார்.

அந்த மலரும் இன்னும் பத்துப் பேரும் செத்தது, ஐப்பசி மழையில், இருபது பேர் ஏறவேண்டிய படகில் முப்பத்தெட்டுப் பேர் ஏறி வரும்போது அது கவிழ்ந்ததில். அண்ணன் வந்தார், மாலை வைத்தார், சீராளன் தோளில் கை போட்டுக் கண்ணீர் விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கட்சியின் ஆண்டுவிழா. சீராளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கொடியேற்றினார். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான் அவர் மனைவி தையல்நாயகி. சோறு போடுவாள், துணி துவைப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள்.

எதுவும் பழகிவிடும் என்பது எங்களுக்கு அந்தக் கார்த்திகையில்தான் தெரிந்தது. பெட்டிக்கடை ராசாத்தி நாலரைக்குக் கடையைச் சாத்திவிட்டுத் துறைக்கு வந்தாள், ஏனென்றால் பதினொரு பேரில் அவள் தம்பியும் ஒருத்தன். பள்ளிக்கூடத்தில் கடைசி மணியைப் பத்து நிமிஷம் முன்னால் அடித்தார்கள். ஆடு மாடு கட்டுவதும் விளக்கு ஏற்றுவதும் 'அவங்க வந்த பிறகு' என்றாயிற்று. தாய்மார்கள் வாழையிலையில் இட்லியும் சுண்டலும் கொண்டுவந்து கரையில் வைத்தார்கள். செத்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்றாலும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அழுகை குறைந்து, ஊர்க்கதை பேசுகிற இடமாகவே துறை மாறிப்போயிற்று. "உன் மருமகன் இன்னைக்குக் கொஞ்சம் தெளிவா தெரியுறாரு" என்பார்கள். "நேத்துப் பனி, அதான்" என்று பதில் வரும். வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள். கேமராவில் வெறும் ஆறுதான் விழுந்தது. அதனால் அவர்கள் போய்விட்டார்கள்.

தை மாதத்தில் ஒரு இன்ஜினீயர் வந்தார். கருவியை முக்காலியில் நிறுத்தி, இறந்தவர்கள் நடு ஆற்றில் நடக்கும்போது அவர்கள் பாதத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உயரத்தை அளந்தார். இருபத்திரண்டு அடி. பையிலிருந்து பழைய வரைபடம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். திரும்பவும் அளந்தார். "பாலத்தோட திட்டத்துல இதே உயரம்தாங்க. இதே கோடு" என்றார். ராசாத்தி கொடுத்த டீயைக் குடிக்காமலேயே படகேறிப் போனார். ஆனால் அவருடைய அறிக்கை எந்த மேசைக்குப் போய் எப்படித் திரும்பியதோ, மாசி மாதம் மேலக்கரை முழுக்க ஊதா நிறத்தில் போஸ்டர்கள்: 'நாணல்திட்டு மக்களின் நெடுநாள் கனவை நனவாக்கி, பாலம் தந்த அண்ணனுக்கு நன்றி.' சித்திரையில் தேர்தல்.

போஸ்டரோடு ஒன்றியச் செயலாளர் கலியமூர்த்தியும் வந்தார். துறையில் எங்களை உட்காரவைத்து, அவரும் தரையில் உட்கார்ந்து, சொந்தக்காரர் மாதிரி பேசினார்.

"பாலம்னா என்ன? நடந்து போறதுக்கு. நம்ம சனம் நடந்து வருதா இல்லையா? அப்ப பாலம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"நாங்க நடக்க முடியலையே" என்றாள் ராசாத்தி.

கலியமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கே சிமெண்ட்டுல ஒரு பாலம் வந்துடுதுன்னு வச்சுக்கோங்க. உசுரோட இருக்கறவங்க காரு, பைக்குன்னு போவாங்க. ஹாரன் அடிப்பாங்க. அந்த இடத்துல இவங்க வருவாங்களா? யோசிச்சுப் பாருங்க. தம்பியத் தெனமும் பாக்குறீங்க. மகளப் பாக்குறீங்க. அது போதாதா?"

நாங்கள் இவ்வளவு நாளும் யோசிக்காத ஒன்றை அவர் எங்கள் மடியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு நாலே முக்காலுக்கு அவர்கள் வந்தபோது, முதல் முறையாக நாங்கள் பயந்துகொண்டே பார்த்தோம். இது போய்விடுமோ என்று. பாலம் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் சொல்லாதவர்களும் அதைத்தான் நினைத்தோம்.

சீராளனுக்கு இந்தப் பேச்சு பெரிய ஆறுதலாக இருந்தது. இத்தனை நாளும் கொடி ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. இப்போது இரண்டும் ஒரே பக்கம் இழுத்தன. அண்ணனுக்கு ஓட்டுப் போட்டால் மகள் தினமும் வருவாள். வீட்டுக்கு வந்து, பதில் வராது என்று தெரிந்தும், அடுப்படியில் இருந்தவளிடம் அதைச் சொன்னார். நாலு மாதத்துக்குப் பிறகு தையல்நாயகி வாய் திறந்தாள். அவளே பிற்பாடு எங்களிடம் சொன்னது இது.

"அவ கால நீங்க பாத்தீங்களா?"

"என்னது?"

"தெனமும் மூஞ்சியத்தான் பாக்குறீங்க. கால பாருங்க. செருப்பு தேஞ்சுபோச்சு. மொதல்ல வந்தப்ப நல்லா இருந்துச்சு. குதிகால் வெடிச்சிருக்கு. அவ தெனமும் வீட்டுக்குக் கெளம்புறா. தெனமும் வந்து சேர மாட்டேங்குறா. இத எத்தன வருஷம் பாக்கப் போறீங்க?"

சீராளன் உட்கார்ந்துவிட்டார். "கட்சிக்கு எதிரா என்ன நிக்கச் சொல்றியா? எங்க அப்பாவ மனுசனா மதிச்ச கட்சி அது, தையலு. நான் நன்றி மறந்தவனா ஆகணுமா?"

"ஒங்க அப்பாவுக்கு நாக்காலி போட்டவரு செத்து இருவது வருசமாச்சு. அவரு நல்லவரு, நான் இல்லேங்கல. அவருக்கு என்னைக்கோ பட்ட கடன இவருகிட்ட எத்தன தடவ கட்டுவீங்க? இவரு என்ன செஞ்சாரு, அத மட்டும் சொல்லுங்க. நான் கேட்டுக்குறேன்."

சீராளன் சொல்ல ஆரம்பித்தார். கிளைக் கூட்டங்களில் மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பேசுகிறவர். அன்றைக்கு இரண்டு வாக்கியம் சொன்னார். மூன்றாவது வாக்கியம் கிடைக்கவில்லை. அவள் சோற்றை வடித்துக்கொண்டே, கடைசிவரை காத்திருந்தாள்.

பங்குனி கடைசியில் அண்ணனின் கூட்டம். மேடையை எங்கள் துறையிலேயே, ஆற்றுக்கு முதுகு காட்டிப் போட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கவேண்டும், நாலே முக்காலுக்கு அண்ணன் பேசிக்கொண்டிருக்க வேண்டும், பின்னால் பதினொரு பேரும் வரவேண்டும் என்பது ஏற்பாடு. வரவேற்புரை சீராளன். மகளைப் பறிகொடுத்தவரே 'பாலம் தந்த அண்ணன்' என்று சொன்னால் தொகுதியே நம்பும் என்று கலியமூர்த்தி கணக்குப் போட்டிருந்தார். படகு படகாக வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் தையல்நாயகி பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் வரத் தாமதமாயிற்று. அவர் வந்து உட்கார்ந்து, சீராளன் மைக்கைப் பிடித்தபோதே மணி நாலே முக்கால். கூட்டத்திலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் எழுந்தது. எல்லார் கண்ணும் அவருக்குப் பின்னால் போயிற்று. அண்ணன் நாற்காலியில் இருந்து எழுந்து, ஆற்றைப் பார்த்துக் கையை விரித்து, "பாருங்க. நல்லாப் பாருங்க. அறவாழி கட்டின பாலம்" என்றார். வெளியூர் ஆட்கள் கைதட்டினார்கள்.

சீராளனும் திரும்பிப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். இடது செருப்பு இல்லை. வலது காலை அவள் நீட்டினாள், துழாவினாள், குனிந்தாள்.

அவர்கள் மறைந்தார்கள். கலியமூர்த்தி கீழேயிருந்து, "பேசுங்கண்ணே" என்றார். சீராளன் பேசினார். மேடைக் குரலில் இல்லை. வீட்டில் பேசுகிற குரலில்.

"மொதக் கல்லு நட்டப்ப என் மகளுக்கு நாலு வயசு. தோள்ல தூக்கி வச்சுக் காட்டினேன். ரெண்டாவது கல்லுக்கு ஒம்பது வயசு. அண்ணனுக்கு அவதான் பூச்செண்டு குடுத்தா. மூணாவது கல்லுக்குப் பதினாலு. பாலம் வந்தா சைக்கிள்ல பள்ளிக்கூடம் போவேன்னு சொன்னா, நான் சைக்கிள் வாங்கியே குடுத்துட்டேன். திட்டுக்குள்ளயே ஓட்டிட்டு இருந்தா. பத்தொம்பது வயசுல செத்துப்போனா." அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, இது ஒங்க பாலம்னு சொல்றீங்க. நான் ஒங்கள நம்பி முப்பது வருசம் நடந்தவன். ஒரே ஒரு தடவ, நீங்க இதுல ஏறி நடந்து காட்டுங்க. நான் பின்னாலயே வர்றேன்."

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே, தன்னை அறியாமல், மேடையின் ஆற்றோர விளிம்பிலிருந்து ஒரு அடி பின்னால் வைத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு அடியைத் துறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம்.

"சீராளா" என்றார் அண்ணன், மிகவும் கனிவாக. "நீ துக்கத்துல பேசுற. ஒன்ன நான் மன்னிக்கிறேன்."

மைக்கை அணைத்தார்கள். மறுநாள் காலை சீராளனைக் கட்சியை விட்டு நீக்கிய செய்தி பேப்பரில் வந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு வீட்டு வாசலில் முப்பது வருஷமாக நின்ற கொடிக்கம்பத்தைத் தானே பிடுங்கி, கொடியை அவிழ்த்து, மடித்து, அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்தார். எரிக்கச் சொன்னவர்கள் உண்டு. "அது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்.

நாணல்திட்டு ஓட்டு முழுக்க அண்ணனுக்கு எதிராக விழவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் பயத்தில் அவருக்கே போயிற்று. ஆனால் அந்த வருஷம் அதுவே போதுமாக இருந்தது. எதிர்க்கட்சி வக்கீல் திலகவதி சொற்ப ஓட்டில் ஜெயித்தார். நன்றி சொல்லத் திட்டுக்கு வந்து, சீராளனுக்குச் சால்வை போர்த்தி, கட்சியில் சேரச் சொன்னார்.

"கொடி வேண்டாம்மா" என்றார் சீராளன். "என்னைக்குப் பாலம்? அத மட்டும் சொல்லுங்க."

"மொதல்ல அடிக்கல் நாட்டிடுவோம்ணே."

"கல்லு மூணு இருக்கு. போதும். கம்பி அனுப்புங்க."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் சீராளன் படகேறி மேலக்கரைக்குப் போனார். எம்.எல்.ஏ. அலுவலக வாசலில் பத்து மணிக்கு நிற்பார். டெண்டர் என்றார்கள், போனார். மண் பரிசோதனை என்றார்கள், போனார். எட்டு மாதம் வேலை நின்றுபோனபோது அவரே முன்னால் நின்று, எங்களை எல்லாம் கூட்டிப் போய்த் திலகவதிக்குக் கறுப்புக்கொடி காட்டினார். "நீ கொண்டாந்து உக்காத்தி வச்ச அம்மாதானே, அதுக்குள்ள கறுப்புக்கொடியா?" என்று அந்தக் கட்சிக்காரர்கள் சட்டையைப் பிடித்தார்கள். "உக்காத்தி வச்சது எதுக்குன்னு ஞாபகப்படுத்துறேன்" என்று சட்டையை விடுவித்துக்கொண்டார். பழைய கட்சிக்காரர்கள் துரோகி என்றார்கள், புதிய கட்சிக்காரர்கள் நன்றி கெட்டவன் என்றார்கள். சாயங்காலம் நாலே முக்காலுக்குள் அவர் துறைக்குத் திரும்பி வந்துவிடுவார்.

கலியமூர்த்தி சொன்னது நடக்கவில்லை. மேலக்கரையிலிருந்து பாலம் ஒவ்வொரு தூணாக வளர்ந்தது. எவ்வளவு தூரம் காங்கிரீட் இருந்ததோ அவ்வளவு தூரம் இறந்தவர்கள் அதன்மேல் நடந்தார்கள். அது முடிந்த இடத்தில் தயங்காமல் காற்றில் இறங்கி மிச்சத்தை நடந்தார்கள். அந்த நேரத்தில் வேலைக்காரர்கள் கம்பியை ஓரமாக ஒதுக்கி வழி விட்டார்கள். காங்கிரீட் நீள நீள, எங்கள் காதில் முன்பு விழாத ஒன்று விழுந்தது. நடக்கிற சத்தம். இருபத்திரண்டு கால்கள், அதில் பாதிக்கு மேல் வெறுங்கால். அது எங்கள் கரையை நோக்கி மாதாமாதம் நெருங்கிவந்தது. எங்களில் சிலர் அப்போது துறைக்கு வருவதை நிறுத்திவிட்டோம். தூரத்தில் பார்க்கிற துணிச்சல் இருந்தது, பக்கத்தில் பார்க்க இல்லை.

மூன்றாம் வருஷம் ஆவணியில் கடைசிப் பத்தடிக்குக் காங்கிரீட் போட்டார்கள். அது காய்ந்து, கீழே முட்டுக் கொடுத்திருந்த மரங்களைப் பிரித்த அன்றைக்குத் திறப்புவிழா எதுவும் இல்லை. நாங்கள் கரையில் நின்றோம். எல்லாரும் வந்திருந்தோம், வரப் பயந்தவர்களும்கூட. பாலம் இறங்குகிற இடத்தில் சீராளனும் தையல்நாயகியும் நின்றார்கள். அவள் கையில் ஒரு துண்டு, துவட்டிவிடுவதற்கு.

அவர்கள் வந்தார்கள். மலர் முன்னால் வந்தாள். வழக்கமான இடத்தில் நின்றாள். வலது காலை நீட்டினாள். கால் தரையில் பட்டது. குனிந்து பார்த்துக்கொண்டே இன்னொரு அடி வைத்தாள், இன்னொன்று, பிறகு குனிவதை விட்டுவிட்டு நடந்தாள். பதினொரு பேரும் நடந்தார்கள். கரையேறினார்கள். எங்கள் நடுவில் புகுந்து, ராசாத்தியின் தம்பி ராசாத்தியின் தோளில் உரசியபடி, அவரவர் தெருவுக்கு அவரவர் திரும்பிப் போனார்கள். ஆற்றுநீரின் குளிர் மட்டும் ஒவ்வொருத்தர் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றது. தெருமுனைக்குப் பிறகு யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

அன்றைக்குக் கரையேறியதும் மலர் மட்டும் அப்பா முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். தையல்நாயகி துண்டால் அவள் தலையைத் துவட்டினாள், கை எதிலும் படவில்லை என்றாலும் துவட்டினாள். இத்தனை காலமும் வாய் திறக்காத பதினொரு பேரில் அவள் ஒருத்திதான் பேசினாள். கோபம் இல்லை. களைத்துப்போய் வீட்டுக்கு வந்த பெண் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஏம்ப்பா இவ்வளவு நேரம்?"

பக்கத்தில் நின்ற எங்கள் எல்லார் காதிலும் அது விழுந்தது. சீராளன் வாயைத் திறந்தார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், பிறகு தோள்பையைச் சரிசெய்துகொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். தையல்நாயகி கூடவே போனாள். அவர் அங்கேயே நின்றார். எங்களில் ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.